கீழாநெல்லி, கரிசலாங்கண்ணிச் சாறு கல்லீரலைக் காக்குமா? எலி ஆய்வுகளை எப்படிப் படிப்பது

கேள்வியின் சாரம் இது. அப்பாவுக்கு வயது 54, எடை 78 கிலோ, குடிப்பழக்கம் இல்லை. ஸ்கேனில் இரண்டாம் நிலை கொழுப்புக் கல்லீரல் என்று வந்திருக்கிறது. ஈரல் என்சைம்களான எஸ்ஜிபிடி 96, எஸ்ஜிஓடி 61, பிளேட்லெட் 2.1 லட்சம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கொலஸ்ட்ராலுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறார். மாத்திரைதான் ஈரலைக் கெடுக்கிறது, அதை நிறுத்திவிட்டுக் கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அரைத்துக் கொடு என்கிறார் பெரியப்பா. நீங்கள் இணையத்தில் தேடியபோது, கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்த எலிகளின் ஈரல் இயல்புக்குத் திரும்பியது, ஆன்டிஆக்சிடன்ட் ஆற்றலே அதற்குக் காரணம் என்று பல கட்டுரைகள் கண்ணில் பட்டிருக்கின்றன. எவ்வளவு அரைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டியவை மூன்று. எலியைக் காத்தது அப்பாவைக் காக்குமா? காக்காவிட்டாலும் கெடுக்காமல் இருக்குமா? மாத்திரையை நிறுத்தலாமா?

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நிறுத்தக் கூடாது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களை அதிகம் பலிவாங்குவது ஈரல் நோயல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்தான். ஸ்டாட்டின் அவற்றைத் தடுக்கிற மருந்து. கொழுப்புக் கல்லீரலில் ஸ்டாட்டின் கொடுக்கலாம், தேவைப்படுபவர்களுக்குக் கொடுக்கவே வேண்டும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்களின் நிலை. ஸ்டாட்டினால் ஈரல் கெடுவது உண்டு, ஆனால் மிக அரிது. எஸ்ஜிபிடி 96 என்ற ஒரு எண்ணை வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவெடுத்து நிறுத்துகிற மருந்து அல்ல அது.

இப்போது எலிக்கு வருவோம். நீங்கள் படித்த கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஆறு ஆறு எலிகளாக ஐந்து குழுக்கள். முதல் குழுவுக்கு ஒன்றும் கொடுப்பதில்லை. இரண்டாவதற்கு நஞ்சு மட்டும். மூன்றாவதற்கு நஞ்சோடு, ஒப்பிடுவதற்காகச் சிலிமாரின் என்ற மூலிகை மருந்து, கிலோவுக்கு 100 மில்லிகிராம். மற்ற இரண்டுக்கும் நஞ்சோடு சாறு, 200 அல்லது 400 மில்லிகிராம். சாற்றை ஏழு நாள் வாய்வழியாகக் கொடுத்துவிட்டு, கடைசி நாளில் கார்பன் டெட்ராகுளோரைடை ஆலிவ் எண்ணெயில் சரிபாதி கலந்து வயிற்றறைக்குள் ஊசி போடுவார்கள். 24 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி, பிலிருபின் பார்ப்பார்கள். ஈரலை அரைத்து, செல்லைக் காக்கும் குளூட்டாதயோன், கேட்டலேஸ் இரண்டையும், கொழுப்பு சிதைந்ததைக் காட்டும் மாலோன்டையால்டிஹைடையும் அளப்பார்கள். இன்னொரு துண்டு ஃபார்மலினுக்குப் போய், வெட்டிச் சாயமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வரும்.

இந்த நஞ்சு வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம். கார்பன் டெட்ராகுளோரைடு தானாக ஈரலை அரிப்பதில்லை. ஈரல் செல்லுக்குள் இருக்கும் சைப்2ஈ1 என்ற என்சைம் அதை உடைத்து டிரைகுளோரோமெத்தில் என்ற தனி உறுப்பாக்குகிறது (ஃப்ரீ ரேடிக்கல், அதாவது அருகிலிருப்பதைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறு). அது ஆக்சிஜனோடு சேர்ந்து இன்னும் வெறிகொண்ட பெராக்சில் உறுப்பாகி, செல்சவ்வின் கொழுப்பைச் சங்கிலித்தொடராக ஆக்சிஜனேற்றிக் கிழிக்கிறது. அந்த என்சைம் மையச் சிரையைச் சுற்றியுள்ள செல்களில்தான் அதிகம். அதனால் சாவும் அங்கேதான் முதலில் தெரியும். சில மணி நேரத்தில் முடிந்துபோகிற தாக்குதல் இது. அதற்கு முன்பே உடம்பில் ஏற்றப்பட்ட சாறு இரண்டு வழிகளில் எலியைக் காப்பாற்றலாம். உருவான தனி உறுப்புகளை அடக்கலாம், அல்லது சைப்2ஈ1 என்சைமையே முடக்கி நஞ்சு உருவாகாமல் தடுக்கலாம். இரண்டாவது நடந்தாலும் எஸ்ஜிபிடி குறையும், குளூட்டாதயோன் கூடும், நுண்ணோக்கியில் ஈரல் அழகாகத் தெரியும். கட்டுரையின் முடிவுரையில் மட்டும் ஆன்டிஆக்சிடன்ட் என்று எழுதியிருக்கும். எது நடந்தது என்று அறிய, நஞ்சு கொடுக்காத எலிகளில், அதே என்சைம் சிதைக்கும் குளோர்சாக்சசோன் என்ற மருந்து சிதையும் வேகத்தை அளந்து அந்த என்சைம் அடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நஞ்சு கொடுத்து ஆறு மணி நேரமாவது ஆன பிறகு சாறு கொடுத்துப் பார்க்கும் குழுவும் ஒன்று வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கட்டுரைதான் பெரும்பான்மை. உங்கள் அப்பா நாளைக்கு நஞ்சு குடிக்கப் போவதில்லை. அவருடைய ஈரலில் பல ஆண்டுகளாக, மெதுவாக, வேறொரு காரணத்தால் கொழுப்பு சேர்ந்திருக்கிறது. முன்கூட்டியே கொடுத்த சாறு ஒரே ஒரு அடியைத் தாங்கவைத்தது என்ற முடிவை இங்கே பொருத்த முடியாது.

பாரசிட்டமால் வைத்துச் செய்யும் சோதனைகளிலும் இதே சிக்கல்தான். பாரசிட்டமாலை நாப்கி என்ற நச்சாக மாற்றுவதில் முக்கியப் பங்கு அதே சைப்2ஈ1 என்சைமுக்குத்தான். ஆனால் அங்கே ஒரு உண்மையான நஞ்சுமுறி மருந்து இருக்கிறது, என்-அசிட்டில்சிஸ்டீன். ஈரலில் தீர்ந்துபோன குளூட்டாதயோனை அது மறுபடி நிரப்புகிறது. அளவு மீறி விழுங்கிய 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் மிக நன்றாக வேலை செய்கிறது. ஈரல் பாதுகாப்பு என்று எதைச் சொல்லலாம் என்பதற்கு எனக்கு இதுதான் அளவுகோல்: எந்த நஞ்சுக்கு, எந்த வழியில், எத்தனை மணி நேரத்துக்குள் என்று மூன்றையும் சொல்ல முடிய வேண்டும்.

கட்டுரையின் எண்களை நம்புவதற்கு முன் அளந்த விதத்தையும் பாருங்கள். குளூட்டாதயோன் காற்றில் பட்டதுமே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். ஈரலைப் பனிக்கட்டி மேல் வைத்து அரைத்து, டிரைகுளோரோஅசிட்டிக் அமிலத்தில் புரதத்தை வீழ்படிவாக்கி, உடனே எல்மன் வினைப்பொருள் சேர்த்து 412 நானோமீட்டரில் படிக்க வேண்டும். மதியம் வெட்டிய திசுவை மறுநாள் அரைத்தால் எண் சரிந்துவிடும். கட்டுப்பாட்டுக் குழுவை முதலில் வெட்டி, சாறு கொடுத்த குழுவைக் கடைசியில் வெட்டினால் நேர வித்தியாசமே மருந்தின் விளைவு போலக் காட்டும். மாலோன்டையால்டிஹைடை அளக்க தயோபார்பிட்டூரிக் அமிலம் சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது சர்க்கரையும் பிலிருபினும்கூட நிறம் கொடுக்கும். ரத்தம் எடுக்கையில் சிவப்பணுக்கள் உடைந்தால் எஸ்ஜிஓடி பொய்யாக ஏறும். திசுவைப் பார்க்கும் நோயியலாளருக்கு எந்தக் கண்ணாடித் தகடு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. இதைச் செய்தோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார்களா என்று தேடுங்கள். குழுவுக்கு ஆறு எலி என்னும்போது இவற்றில் ஒன்று பிசகினாலே முடிவு மாறிவிடும்.

அடுத்தது அளவு. எலிக்குக் கொடுத்த மில்லிகிராமை அப்படியே மனிதருக்கு எடுக்கக் கூடாது. உடல் பரப்பளவின்படி எலியின் கிலோ அளவை 6.2ஆல் வகுப்பது வழக்கம். 400ஐ 6.2ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 65 மில்லிகிராம். 78 கிலோவுக்கு 5 கிராம். இது செடியின் எடை அல்ல, மெத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்த சாறின் எடை. நூறு கிராம் உலர்ந்த செடியில் பத்துக் கிராம் சாறு கிடைப்பதாக வைத்துக்கொண்டால் தினமும் 50 கிராம் உலர்ந்த செடி, பச்சையாக ஏறக்குறைய 200 கிராம் வேண்டும். வீட்டு வழக்கமோ நெல்லிக்காய் அளவு விழுதை மோரில் கலக்கிக் குடிப்பது. அதில் பத்துப் பதினைந்து கிராம் இருக்கும். எலியின் அளவை நீங்கள் எட்டப்போவதில்லை. எட்ட முயல்வது ஆபத்து. மெத்தனாலில் இறங்கும் பொருள்கள் வேறு, மோரில் இறங்கும் பொருள்கள் வேறு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரைகளில் டிபிபிஎச் சோதனை என்று ஒன்று தவறாமல் வரும். மெத்தனாலில் கரைத்த ஊதா நிறத் திரவம், சாறு சேர்த்ததும் மஞ்சளாக வெளுக்கும். 517 நானோமீட்டரில் எவ்வளவு வெளுத்தது என்று படித்து, பாதி வெளுக்கத் தேவையான அளவைச் சொல்வார்கள். இது சாறில் பாலிஃபீனால் இருக்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். தேநீரும் வெளுக்கும், புளியங்கொட்டைத் தோலும் வெளுக்கும். சோதனைக்குழாயில் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் வேண்டியிருந்தால், ரத்தத்தில் அந்த அளவு ஒருபோதும் சேராது. பாலிஃபீனால்களில் பெரும்பகுதியைக் குடலும் ஈரலும் சேர்ந்து குளூகுரோனிக் அமிலமும் சல்பேட்டும் ஒட்டி மாற்றி அனுப்பிவிடும். எஞ்சுவது மிகச் சிறிது. அப்படியானால் உடம்புக்குள் இவை எதுவும் செய்யாதா? செய்யலாம், ஆனால் வேறு வழியில். பல தாவரப் பொருள்கள் செல்லுக்கு ஒரு சிறு எரிச்சலாக இருந்து, என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைக் கிளப்பி, செல்லே தன் குளூட்டாதயோனையும் காப்பு என்சைம்களையும் கூடுதலாகத் தயாரிக்கும்படி செய்கின்றன. இதற்கான ஆதாரம் செல்களிலும் விலங்குகளிலும் வலுவாகவே இருக்கிறது. எரிச்சல்தான் இங்கே வேலை செய்கிறது என்பதால், அளவு கூடக் கூட நன்மை கூடும் என்று எண்ண முடியாது. ஓர் எல்லைக்கு மேல் அதே பொருள் செல்லைக் கொல்லும்.

மனிதர்களிடம் என்ன தெரியும்? கீழாநெல்லியில் தொடங்குவதுதான் நியாயம், அதன் கதை சென்னையில் நடந்தது. 1988இல் லான்செட் இதழில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க் உள்ளிட்டோர் ஒரு முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். அந்த வைரஸ் உடம்பில் இருந்து, இதை எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்தது. வெற்று மருந்து (மருந்தே இல்லாத போலி மாத்திரை) எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உள்ளிட்ட பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் தொகுப்பாய்வு, வெற்று மருந்தைவிட மேல் என்று நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்று முடித்தது. இன்று ஹெபடைட்டிஸ் பி இருப்பவர் டெனோஃபோவிர் போன்ற வைரஸ் தடுப்பு மருந்தை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை நம்பி இருந்தால், நஷ்டம் அவருடைய ஈரலுக்குத்தான்.

மஞ்சள் காமாலை கீழாநெல்லியில் குணமாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்கள் பார்த்ததும் பொய்யில்லை. ஹெபடைட்டிஸ் ஏ, ஈ இரண்டும் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். மோரில் கலந்து குடித்தாலும் குணமாகும், குடிக்காவிட்டாலும் குணமாகும். பித்தநாளத்தில் கல் அடைத்து வரும் காமாலையும், காசநோய் மாத்திரையால் வரும் காமாலையும் வெளிப்பார்வைக்கு அதே மஞ்சள்தான். அவற்றில் வீணாகும் ஒவ்வொரு நாளுக்கும் விலை உண்டு.

சிலிமாரின் என்பது பால் நெருஞ்சில் என்று இப்போது விற்கப்படும் ஐரோப்பியச் செடியின் விதைச் சாறு. எலி ஆய்வுகளில் எல்லாரும் ஒப்பிடுவது இதனோடுதான். இன்டர்ஃபெரானில் குணமாகாத 154 ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு, வழக்கத்தைவிட அதிக அளவில், 24 வாரம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2012இல் வெளியானது. எஸ்ஜிபிடி வெற்று மருந்து எடுத்தவர்களைவிட அதிகம் குறையவில்லை. நச்சுக் காளான் உண்டவர்களுக்கு ஐரோப்பாவில் சிலிபினினை நரம்பு வழியாகக் கொடுக்கிறார்கள். அங்கே அதன் முக்கிய வேலை, காளானின் நஞ்சு ஈரல் செல்லுக்குள் நுழையும் கதவை அடைப்பது.

ஆன்டிஆக்சிடன்ட் ஒன்று கொழுப்புக் கல்லீரலில் உண்மையாகவே பலன் காட்டியதும் உண்டு. சர்க்கரை நோய் இல்லாத 247 பேரிடம் செய்து 2010இல் வெளியான ஆய்வில், தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ, 96 வாரம் எடுத்தவர்களில் 43 சதவீதம் பேருக்குத் திசுச் சோதனையில் முன்னேற்றம். வெற்று மருந்தில் 19 சதவீதம். உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பதால் இந்த முடிவு அவருக்கு நேரடியாகப் பொருந்தாது. மேலும், 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்த ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக வேறொரு பெரிய ஆய்வு 2011இல் காட்டியது. டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்காதீர்கள்.

இனி, கெடுக்காமல் இருக்குமா என்ற கேள்வி. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கஷாயம் குடித்தவர்களில் சிலர், உடலின் எதிர்ப்பு அமைப்பே ஈரலைத் தாக்குவது போன்ற ஹெபடைட்டிஸோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். முதலில் மும்பையிலிருந்தும், பிறகு நாட்டின் பல மருத்துவமனைகளிலிருந்தும் பதிவானது. அது வேறு இனச் செடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. சர்ச்சை இருந்தாலும், ஏற்கெனவே ஈரல் நோயோ தைராய்டு போன்ற தன்னெதிர்ப்பு நோயோ உள்ளவர்கள் சீந்திலைத் தொடாமல் இருப்பதே சரி. பச்சைத் தேயிலையைத் தேநீராகக் குடிப்பதில் பயமில்லை. அதன் சாறை மாத்திரையாக்கி, அதிலுள்ள இஜிசிஜி என்ற பாலிஃபீனால் தினம் 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் சேரும்போது ஈரல் என்சைம்கள் ஏறுவதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சுட்டிக்காட்டியது. சமையலில் போடும் மஞ்சள் வேறு, மிளகின் பைப்பரினைச் சேர்த்து உறிஞ்சலைக் கூட்டிய குர்குமின் மாத்திரை வேறு. பின்னதால் ஈரல் வீங்கியவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயரெடுத்த பொருள்கள்தான் இவை எல்லாம்.

கீழாநெல்லிக்கும் கரிசலாங்கண்ணிக்கும் இந்த அளவு கெட்ட பெயர் இல்லை. எனக்கு அவற்றில் கவலை தருவது செடியின் அடையாளமும் அது வளர்ந்த இடமும். நாட்டு மருந்துக் கடையில் கட்டாக வரும் கீழாநெல்லியில் அதன் இனத்துச் சகோதரச் செடிகள் கலந்திருப்பது சாதாரணம். பச்சையாகப் பறித்தால் பிரித்தறியலாம். கீழாநெல்லியின் காய் வழுவழுப்பாக, சிறு காம்பில் தொங்கும். சிவப்புத் தண்டுள்ள இனத்தின் காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும். உலர்ந்து பொடியான பிறகு கண்ணால் சொல்ல முடியாது. கரிசலாங்கண்ணி சாக்கடை ஓரத்திலும் வயல் வரப்பிலும் செழித்து வளரும். அங்கே மண்ணிலுள்ள ஈயமும் தெளித்த பூச்சிமருந்தும் செடியோடு வரும்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது செய்ய வேண்டிய முதல் கணக்கு இது. வயதை எஸ்ஜிஓடியால் பெருக்குங்கள்: 54 × 61 = 3294. எஸ்ஜிபிடியின் வர்க்கமூலம் 9.8, அதை ஆயிரங்களில் எழுதிய பிளேட்லெட்டால் பெருக்குங்கள்: 210 × 9.8 = 2058. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.6. ஃபிப்-4 என்பது இதுதான். 1.3க்குக் கீழே என்றால் ஈரலில் வடு ஏறியிருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் அதிகம். அப்பா நடுவில் நிற்கிறார், சர்க்கரையும் இருக்கிறது. ஆகவே ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி சோதனை இதுவரை செய்யவில்லை என்றால் கூடவே செய்துவிடுங்கள். வடு இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவருடைய எதிர்காலத்தைத் தீர்மானிக்கும், எஸ்ஜிபிடி அல்ல. எஸ்ஜிபிடி தானாகவே ஏறி இறங்கும். 96ஆக இருந்த நாளில் சாறு தொடங்கி ஒரு மாதத்தில் 70 வந்தால், சாறு இல்லாமலும் அது நடந்திருக்கக்கூடியதுதான்.

சிகிச்சை என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எடை. 5 சதவீதம், அதாவது 4 கிலோ குறைந்தால் ஈரலின் கொழுப்பு குறையும். 7 முதல் 10 சதவீதம், அதாவது ஐந்தரை முதல் எட்டு கிலோ குறைந்தால் அழற்சி தணியும், பலருக்கு வடுவும் பின்வாங்கும். வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகம் போதும். பட்டினி கிடந்து வேகமாக இறக்கினால் ஈரல் மேலும் சீறும், பித்தப்பையில் கல்லும் சேரலாம். இரவுச் சாப்பாட்டில் சோறு, இட்லி, தோசையின் அளவைப் பாதியாக்கிச் சுண்டல், முட்டை, மீன், காய் கூட்டுங்கள். பழச்சாறு, குளிர்பானம், காபியில் போடும் சர்க்கரையை நிறுத்துங்கள். சர்க்கரை போடாத காபி இருக்கட்டும். காபி குடிப்பவர்களுக்கு ஈரல் வடு குறைவாக இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. கீழாநெல்லியோடு உப்பில்லாப் பத்தியம், பருப்பு முட்டை ஒதுக்குதல் என்றெல்லாம் பெரியப்பா சேர்த்துச் சொன்னால் அதை ஏற்காதீர்கள். புரதம் குறைந்தால் தசை கரையும். தசை கரைவது இந்த நோயில் கெடுதல்.

இவ்வளவுக்குப் பிறகும் பெரியப்பாவின் மனம் நோகக் கூடாது என்று நினைத்தால், வீட்டுத் தொட்டியில் வளர்த்த, அடையாளம் உறுதியான கீழாநெல்லி ஒன்றை மட்டும், நன்றாகக் கழுவி, நெல்லிக்காய் அளவு அரைத்து மோரில், அதிகபட்சம் இரண்டு வாரம். இரண்டு செடிகளைச் சேர்க்காதீர்கள். கெடுதல் வந்தால் எதனால் என்று தெரியாமல் போய்விடும். பெயரில்லாத பொடி, லேகியம், ‘லிவர் டானிக்’ எதுவும் கூடாது. சர்க்கரை அளவு இறங்கலாம் என்பதால் வீட்டிலேயே குளுக்கோஸ் பாருங்கள். தொடங்குமுன் ஒரு ஈரல் சோதனை, மூன்றாவது வாரம் இன்னொன்று. எஸ்ஜிபிடி தொடங்குமுன் இருந்ததைப்போல் இரண்டு மடங்கானால் நிறுத்துங்கள். சிறுநீர் கறுத்தாலோ, உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளானாலோ சோதனைக்குக் காத்திராமல் அன்றைக்கே நிறுத்தி டாக்டரிடம் போங்கள். மருந்தாலோ மூலிகையாலோ ஈரல் அடிபட்டு, இயல்பின் மேல் வரம்பைப்போல் எஸ்ஜிபிடி மூன்று மடங்குக்கு மேலும் பிலிருபின் இரண்டு மடங்குக்கு மேலும் போனவர்களில் பத்தில் ஒருவர் வரை உயிரிழக்கவோ மாற்று ஈரல் தேவைப்படவோ கூடும். மூலிகையின் பாதிப்பு முதல் வாரத்தில் வர வேண்டுமென்பதில்லை, சில மாதம் கழித்தும் வரும். டாக்டரிடம் போகும்போது மிச்சமிருக்கும் செடியையும் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். கேட்டால் திட்டுவார் என்று மறைக்காதீர்கள். அவர் தேடும் காரணம் அந்தப் பையில்தான் இருக்கக்கூடும்.